ஒற்றைக்கால் ஆள்காட்டி

கல்மடை ஊருக்குள் ஒற்றைக்கால் ஆள்காட்டிக் குருவி வந்ததைப் பற்றி அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், அது எப்படி வந்தது என்று சொல்ல மாட்டார்கள், வந்தபிறகு யார் வீட்டு வாசலில் நின்று கத்தியது, அதனால் யார் மானம் போனது என்பதைத்தான் சொல்வார்கள். ஏனென்றால் கல்மடைக்காரர்களுக்கு ஒரு காரியம் ஏன் நடந்தது என்பதில் அக்கறை கிடையாது, அது தன் வீட்டில் நடந்ததா அடுத்த வீட்டில் நடந்ததா என்பதில்தான் அக்கறை. ஆகவே எப்படி வந்தது என்பதை நாமேதான் சொல்லியாக வேண்டும்.

அது வந்தது அமலியின் லேப்டாப்பிலிருந்து. அமலி என்கிற அமலோற்பவம் குளத்தங்கரைத் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள், அம்மா படுக்கையில் விழுந்தபோது ஊருக்கு வந்தாள், அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை, வேலையை மட்டும் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டாள். பகலெல்லாம் கம்பெனி வேலை. சாயங்காலமானால் யாரும் ஏவாத, யாரும் சம்பளம் தராத இன்னொரு வேலை: அவளும், உலகத்தின் மூலைமுடுக்குகளில் இருக்கிற, அவள் நேரில் பார்த்தேயிராத சிலரும் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதிப் பொதுவில் வைத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அது செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர்களை விடாமல் "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்; "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் பேசாமல் அடுத்ததைக் கேட்கப் போய்விடும்; பதில் வராவிட்டால் கத்தி ஆளைக் கூட்டும். எத்தனையோ நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் துறைமுகங்களிலும் அதை வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கடைசி வார்த்தை அமலியுடையது, அவள் சரி என்று சொன்னால்தான் அதில் ஒரு எழுத்துக்கூட மாறும். கல்மடையில் இது ஒருவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் நாள் முழுக்க அவளிடம் இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்து இருக்கிறாயா என்று கேட்கத்தான் ஒரு ஜீவன் இல்லை.

மென்பொருளுக்குப் பெயர் என்று ஐந்து இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன, எழுதினவர்கள் வாயிலேயே அது நிற்காது. ஒருநாள் உருகுவே நாட்டிலிருக்கிற மிர்த்தா என்ற பெண், அந்தக் கூட்டத்தில் படம் வரையத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், எல்லோருக்கும் எழுதினாள். "நம்மை வைத்திருக்கிறவர்களுக்கே நாம் யாரென்று தெரியவில்லை. நமக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் வேண்டும்." அவ்வளவுதான், நிரலில் பிழை என்றால் ஒரு வாரம் வாய் திறக்காதவர்களெல்லாம் லோகோ என்றதும் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருவர் ஆந்தை என்றார், ஆந்தையை ஏற்கெனவே பத்துப் பேர் வைத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். கலங்கரை விளக்கம் என்றார்கள், அது இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி இருக்கிறது என்றார்கள். மணி என்றார்கள், கண் என்றார்கள், காவல் நாய் என்றார்கள், என்ன ஜாதி நாய் என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள். கடைசியில் மிர்த்தாதான் அடக்கினாள். "வேறு யாரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும். அரிசி அளவுக்குச் சுருக்கினாலும் நாம்தான் என்று தெரிய வேண்டும். ஒரே மையில் அச்சடித்தாலும் தெரிய வேண்டும். அப்படி ஒன்று யாரிடமாவது இருக்கிறதா?"

அமலி பின்வாசலைத் திறந்தால் குளம். கரையில் கறுப்புத் தலையும் வெள்ளைப் பட்டையும் கண்ணோரம் சிவப்பும் மஞ்சள் காலுமாக ஆள்காட்டிகள் நடந்துகொண்டிருக்கும், மனுஷ வாடை அடித்தால் போதும், ஆள் வருது ஆள் வருது என்று கத்தி ஊரைக் கூட்டிவிடும், அதனால்தான் அந்தப் பெயர். இத்தனை நாள் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததை அமலி அன்றைக்குத்தான் பார்த்தாள். கேமராவை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தபோது, சர்க்கரை வியாதிக்காகக் காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிற எண்ணெய்ச் செக்கு சொர்ணபாண்டி அண்ணாச்சி வந்து நின்றார்.

"என்னம்மா, கொக்கு பிடிக்கியா?"

"இல்ல அண்ணாச்சி, ஆள்காட்டிய படம் எடுக்கேன். ஒரு சின்னத்துக்கு வேணும்."

"சின்னமா? எந்தக் கட்சி?"

"கட்சியில்ல அண்ணாச்சி. சாஃப்ட்வேர்."

"புதுசா ஆரம்பிச்சிருக்காங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மத்தியானத்துக்குள் அமலி பெண்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேசிவிட்டார்கள், கடைத்தெருவில் அவளைப் பார்த்து இரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள். அப்படியானால் விசாரிக்க வீட்டுக்கு யாராவது வருவார்கள் என்று அமலி முன்னறையை ஒதுங்கவைத்து, காப்பிக்குப் பால் கூடுதலாக வாங்கி வைத்தாள். யாரும் வரவில்லை. பாலை உறை ஊற்றிவிட்டாள்.

மிர்த்தா படத்தைப் பார்த்து வரைந்தாள். வாய் திறந்த குருவி, பக்கவாட்டில். ஆனால் அரிசி அளவுக்குச் சுருக்கியபோது இரண்டு காலும் ஒட்டிக்கொண்டு ஈயை நசுக்கி அப்பினது போலிருந்தது, அதனால் ஒரு காலை எடுத்துவிட்டாள். நொண்டிக் குருவியை வைத்தால் மென்பொருளும் நொண்டும் என்று நினைக்க மாட்டார்களா என்று பின்லாந்துக்காரர் ஒருவர் தகராறு செய்தார், ஓட்டெடுப்பில் தோற்றார். பெயரும் ஆள்காட்டி என்றே வைத்துவிடலாம் என்றார்கள், 'ள்' யார் நாக்கிலும் ஏறவில்லை, இருந்தாலும் வைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமலி சரி என்று பொத்தானை அழுத்தினாள். சனிக்கிழமை காலையில் அந்தக் குருவி கல்மடை பஸ் ஸ்டாண்டில் நின்றது.

பக்கவாட்டில் பார்த்தால் முழுக் குருவி, கோழி உயரம். எதிரே நின்று பார்த்தால் தென்னை ஈர்க்கு ஒன்றை நட்டு வைத்தது மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். கனம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போயிற்று. பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், அது திரும்பியதும் கோடாகிவிட்டதால் இடித்துவிட்டோமோ என்று இறங்கிப் பார்த்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பூக்கார அம்மாள் ஒருத்தி, "பாவம், பிறவியிலேயே ஒரு கால்தான் போலிருக்கு" என்று பொரிகடலை போட்டாள். அது தின்னவில்லை. அமலிக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, இரண்டு காலையும் விட்டுவைத்திருக்கலாமோ என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்குப் போய் லேப்டாப்பை நிறுத்திப் பார்த்தாள், வெளியே குருவி அச்சடித்த படமாக அப்படியே நின்றது. ஓட விட்டாள், அது மறுபடி தத்தியது. சரி, அப்படியா என்று அரிசி களையப் போனாள்.

முதலில் அது கத்தியது கடைத்தெருவில் செருப்புக்கடை மாடியில் குடியிருந்த கதிரேசன் என்கிறவரின் படிக்கட்டடியில். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, மாற்றலாகி வந்தவர், குடும்பம் என்று யாரும் இல்லை. கத்தல் என்றால் சாதாரணக் கத்தலில்லை, காதுக்குள் கம்பியை விட்டுக் கடைகிற கத்தல். விரட்டினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், நகரவில்லை. பொறுக்க முடியாமல் செருப்புக்கடைக்காரர் மாடியேறி, யார் வீட்டுக்குப் போனாலும் கேட்பது மாதிரி, "ஆள் இருக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது. குருவி வாயை மூடிக்கொண்டு தத்திப் போய்விட்டது. கதிரேசன் அங்கே குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவை ஒருவரும் தட்டியதில்லை என்பது கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது, ஆனால் அதைவிட அவருக்கு வியாபாரம் கெட்டதுதான் பெரிதாக இருந்தது.

இப்படியே வீடு வீடாகப் போய், யார் வாசலில் வந்து யாருமே ஆள் இருக்கா என்று கேட்பதில்லையோ அந்த வாசலில்தான் அது நிற்கிறது என்பதை ஊர் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்ததும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காது கிழிகிறது, யாராவது போய்க் கேட்டுத் தொலையுங்களேன் என்று ஒருவரை ஒருவர் ஏவினார்கள். சைக்கிளில் போகிறவாக்கில் நிற்காமல் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குக் குருவி மசியவில்லை, கேட்டவர் நின்று பதிலைக் காதில் வாங்கினால்தான் வாயை மூடியது. இவ்வளவு மெனக்கெட்டு நின்றபிறகு சும்மா எப்படித் திரும்புவது என்று சிலர் உள்ளே போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், குடித்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் ஊர்க்கதை பேசினார்கள். ஒரு வேட்பாளர் அந்தக் குருவியையே தனக்குச் சின்னமாகத் தரவேண்டும் என்று மனுக் கொடுத்தார், உயிருள்ளது எதையும் சின்னமாகத் தருவதற்கில்லை என்று அதிகாரி மறுத்தார், இது உயிருள்ளதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று இவர் கேட்டார், அந்த வழக்கு இன்னமும் முடியவில்லை.

பெரிய அமளி நடந்தது சொர்ணபாண்டி அண்ணாச்சி வீட்டில்தான். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், வேலையாட்கள் என்று கால் வைக்க இடமில்லாத வீடு. அதன் வாசலில் வந்து நின்று குருவி கத்தியபோது தெருவே சிரித்தது. உள்ளே யாரும் சிரிக்கவில்லை. மூத்த மருமகள் தன்னைத்தான் சொல்கிறது என்று அழுதாள், கொழுந்தன் தன்னைத்தான் என்று முறைத்தான், எல்லோரும் எல்லோரையும் பார்த்து ஆள் இருக்கா, ஆள் இருக்கா என்று கேட்டுக்கொண்டார்கள், கத்தல் நிற்கவில்லை. சாயங்காலம் காப்பி கொண்டுபோன சின்ன மருமகள், ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம், "மாமா, இருக்கீயளா?" என்று சும்மா கேட்டாள். அந்த வீட்டில் அத்தனை பேரையும் அதட்டி வைத்திருந்த மனுஷன் ஊஞ்சலை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கேன் தாயி" என்று அவர் சொல்லி முடித்தபோது வாசலில் சத்தம் நின்றிருந்தது.

இதையெல்லாம் அமலி கேள்விப்பட்டுக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது. தூரத்தில் அது கத்துகிற சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக் கேட்பாள், தெருமுனைக்கு வருகிறதா என்று பார்ப்பாள், வந்தது, எதிர்வரிசையில் ஒரு வீட்டில் நின்றது, பக்கத்து வீட்டில் நின்றது, அவள் வீட்டை மட்டும் ஒரு வெற்றிடத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். எல்லோரையும் கேள், நீ எந்த இயந்திரத்தில் ஓடுகிறாயோ அதை மட்டும் கேட்க வேண்டாம் என்று அந்த மென்பொருளின் முதல் வரியை எழுதியவளே அவள்தான். தன்னைத் தானே கேட்டுக்கொள்வதில் என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு நினைத்தாள். தெரிந்து என்ன செய்ய? அது தாண்டிப் போகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அழுகை வந்தது.

அவளுக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரியாதே. எதிர்த்த வீட்டுச் செண்பகவல்லி, புருஷன் லாரி ஓட்டப் போக வாய் ஓயாமல் தெருவை ஆண்டுகொண்டிருந்தவள், ஒருநாள் தண்ணீர் லாரி வந்தபோது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "ஏட்டி, அமலி வீட்டு வாசல்ல மட்டும் அது கத்தவே மாட்டேங்குதே. நீங்க யாராவது போய்க் கேட்டியளா?"

"நான் போகல."

"நானும் போகல."

"நானும் இல்ல. அப்போ அவள யாரு கேக்கா?" என்றாள் செண்பகவல்லி. லாரிக் குழாயடியில் வைத்த குடம் நிரம்பி வழிவதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியே இருந்து யாரும் கேட்கவில்லை என்றால் உள்ளே இருந்து யாரோ கேட்கிறார்கள். உள்ளே இருந்து கேட்கிற ஆள் யார்? இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அமலி வீட்டுக்குள் ஒரு ஆம்பிளையை வைத்திருக்கிறாள் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அப்போதுதான் அவள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குருவிச் சத்தத்தை அடைக்க வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை, கறிவேப்பிலை வேண்டும், உறைமோர் வேண்டும், மொட்டைமாடியில் பிள்ளைகள் பந்து விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு நேராக உள்ளே வந்து, அடுக்களை வரைக்கும் போய், குளியலறைக் கதவைத் தற்செயலாகத் தள்ளிப் பார்க்கிறவர்கள். முதல் இரண்டு மூன்று பேர் எதற்கு வந்தார்கள் என்று அமலிக்குப் புரியவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தாள். புரிந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. நாளைக்கே ஒருத்தியைப் பிடித்து நிறுத்திக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். மறுநாள் செண்பகவல்லி வந்தாள், கையில் மூடிபோட்ட சட்டி.

"வாளைக் கருவாட்டுக் குழம்பு. நேத்தே வச்சது, இன்னைக்குத்தான் ருசிக்கும்" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாருக்குக் கருவாடு ஒத்துக்கும்லா?" என்று கேட்டாள்.

இல்லை, இங்கே சார் என்று யாரும் இல்லை என்று சொன்னால் சட்டியைக் கொடுத்துவிட்டு அவள் போய்விடுவாள், அதன் பிறகு வரமாட்டாள், ஒருவரும் வரமாட்டார்கள். அமலிக்கு அது ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று.

"ஒத்துக்கும் அக்கா" என்றாள்.

அதன் பிறகு அவள் பொய் என்று ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மேஜையில் இரண்டு டம்ளர் வைத்தாள், கொடியில் ஆம்பிளைகள் கட்டுகிற நீலக்கட்டம் போட்ட சாரம் ஒன்றைக் காயப்போட்டாள், மிச்சத்தையெல்லாம் கல்மடை பார்த்துக்கொண்டது. அவர் மதுரைப் பக்கத்து ஆள், அதிகம் பேச மாட்டார், ராத்திரி இருமுகிறார், இருமலுக்கு ஓமவல்லி இலைதான் நல்லது என்று இலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏசினார்கள், பின்னால் போய்ச் சிரித்தார்கள், அதெல்லாம் உண்டுதான். ஆனால் ஏசுவதானாலும் வந்து உட்கார்ந்துதான் ஏசவேண்டியிருந்தது. "இந்த வயசுக்கு மேலயாவது ஒரு துணை வந்துதே, போகட்டும்" என்று ஒருத்தி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தபோது, இல்லாத மனுஷனுக்காக அமலி வெட்கப்பட்டாள். கண்ணாடியில் பார்த்தால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது போலத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் மிர்த்தாவிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. "ஆள்காட்டி எல்லோரையும் கேட்கிறது, ஆள்காட்டியை யார் கேட்பது? அது ஓடுகிற இயந்திரம் நின்றுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டில் இன்னொன்றை ஓட விடுகிறேன், அது உன்னுடையதைக் கேட்கும், உன்னுடையது என்னுடையதைக் கேட்கட்டும். நிரல் எழுதிவிட்டேன், நீ சரி சொன்னால் போதும்." அமலி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சரியான திருத்தம், முதல் நாளே தானே செய்திருக்க வேண்டியது. சரி என்று சொன்னால் தன்னை மட்டும் கேட்க வேண்டாம் என்ற அந்த முதல் வரி போய்விடும், மறு நிமிஷம் குருவி அவள் வாசலில் வந்து நிற்கும், இங்கே இவளைத் தவிர யாருமில்லை என்று தெருவுக்கே கத்திச் சொல்லும், இரண்டு டம்ளரும் சாரமும் கருவாட்டுக் குழம்பும் ஒரு சத்தத்தில் போய்விடும். பார்க்கலாம் என்று பதில் எழுதினாள். அடுத்த வாரமும் பார்க்கலாம் என்று எழுதினாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் குருவி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றது, நின்றபடியே நின்றது. அன்றைக்கும் மறுநாளும் ஊரில் கத்தலே இல்லை. ஆகா, இனி கல்மடையில் கவனிப்பாரில்லாதவர் ஒருவரும் இல்லை என்று ஊரார் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள், பஞ்சாயத்துத் தலைவர் அது தன் ஆட்சியின் சாதனை என்று மைக் வைத்துச் சொன்னார். தீபாவளி நெருங்கியதால் அமலி வீட்டில் செண்பகவல்லியும் இன்னும் இரண்டு பெண்களும் கூடி உட்கார்ந்து அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள், சாருக்குப் பாகு முறுகினால் பிடிக்குமா இளகினால் பிடிக்குமா என்று பேச்சு. அடுத்த அறையில் லேப்டாப் திரையில் எல்லாம் பச்சையாக, எல்லோரும் இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்வதாகத்தான் தெரிந்தது. அந்தத் திரை இடிமழையில் உறைந்துபோய் நின்றிருந்தது என்பதை எட்டிப் பார்க்க அமலிக்கு நேரம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் வங்கியிலிருந்து ஆள் வந்து மாடிக் கதவை உடைத்தபோது கதிரேசன் காய்ச்சலில் எழ முடியாமல் தரையில் கிடந்தார். குருவி கத்தாததால் செருப்புக்கடைக்காரர் ஏறிப் போய்க் கேட்கவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கேட்டதும் லேப்டாப்பைப் போய்ப் பார்த்துவிட்டு அமலி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாதி ஊர் அங்கே நின்றது. கதிரேசன் வறண்ட வாயால், யார் மேலும் குறைப்பட்டுக்கொள்ளாமல்தான் சொன்னார்: "மொத நாள் முழுக்க இருக்கேன், இருக்கேன்னு சொல்லிக்கிட்டேதான் கெடந்தேன். யாரும் கேக்கலைங்கறது பெறகுதான் ஞாபகம் வந்துது."

அமலி வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி ஓட விட்டாள், தொட்டி மேல் குருவி அசைந்தது. மிர்த்தாவின் திருத்தத்தைத் திறந்து, ஒரு வரி விடாமல் படித்து, சரி என்று அழுத்தினாள். பிறகு முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். குருவி தெருமுனையில் திரும்பியது, ஈர்க்குக் கோடாக வந்தது, எந்த வாசலிலும் நிற்காமல் தத்தித் தத்திக் கடைசி வீடு வரைக்கும் வந்து, பக்கவாட்டில் திரும்பி முழுக் குருவியாகி, வாயைத் திறந்தது. அப்படி ஒரு கத்தலை அது அதுவரைக்கும் எந்த வாசலிலும் கத்தியதில்லை. தெருவிலிருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், யார் போய்க் கேட்பது, என்னவென்று கேட்பது, அந்த ஆள் எங்கே என்று தெரியாமல் நின்றார்கள். அமலி உள்ளே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவமானத்தில் காது சுட்டது.

செண்பகவல்லி தெருவைத் தாண்டி வந்தாள். வாசலில் நின்று ஒன்றும் கேட்கவில்லை, நேராக உள்ளே வந்து அமலிக்குப் பக்கத்தில் நின்றாள். சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"சார் போயிட்டாராம்மா?"

அமலி தலையை ஆட்டினாள், ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல்.

"போறான், விடு. பேரச் சொல்லு, எம்புருசன் மதுரைக்குத்தான் லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு, சட்டையப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லுதேன். யாரு அந்த ஆளு?"

"யாரும் இல்ல அக்கா."

"சரி, சொல்ல வேண்டாம்."

"சொல்லாம இல்ல அக்கா. யாருமே இல்ல."

செண்பகவல்லி அவளைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

அமலி யோசித்தாள். அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோன பிறகு, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, அவள் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்த சாயங்காலத்திலிருந்து எண்ணினாள்.

"ஒம்பது வருசம்" என்றாள்.

செண்பகவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எதுத்த வீட்லதானட்டி இருந்தேன்" என்றாள், பிறகு அமலியின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள், அமலி வாய்விட்டு அழுதாள், அழுகிற சத்தம் குருவிச் சத்தத்தில் வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை.

தெருவிலிருந்து யாரோ ஒருவன் பொறுமையிழந்து கூப்பிட்டான். "செண்பகக்கா, ஆள் இருக்கான்னு கேட்டுத் தொலைங்களேன், காது கிழியுது!"

செண்பகவல்லி பிடியை விடாமல் வாசல் பக்கம் திரும்பினாள். "கத்தட்டும்லே!" என்றாள். "ஒம்பது வருசத்துக்கும் சேத்துக் கத்தட்டும்."